புவெப்லோ: ஊரா, மக்களா, இனமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழியிலிருந்தும், அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றிலிருந்தும் தமிழுக்கு வரும் கட்டுரைகளைச் செப்பம் செய்யும் வேலையில், 'புவெப்லோ' என்ற ஒரு சொல்லைப் பற்றியே மீண்டும் மீண்டும் ஐயங்கள் வந்துகொண்டிருந்தன. மொழிபெயர்ப்பாளர்களும், அங்குள்ள நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் பயணம் போய்த் திரும்பியவர்களும், ஸ்பானியம் கற்கத் தொடங்கிய மாணவர்களும் கேட்டவற்றை, கூடியவரை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

புவெப்லோ என்றால் என்ன? ஒரே சொல்லில் சொல்ல முடியுமா?

முடியும்: ஊர். இதைவிட நெருக்கமான சொல் ஆங்கிலத்தில்கூடக் கிடையாது என்பது என் கருத்து. தமிழில் 'ஊர்' என்பது வீடும் தெருவும் குளமும் சேர்ந்த இடத்தைக் குறிக்கும்; அங்கே வாழ்கிறவர்களையும் குறிக்கும். 'ஊருக்குத் தெற்கே ஏரி இருக்கிறது' என்னும்போது அது இடம். 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்னும்போது அது மக்கள். புவெப்லோ என்ற சொல்லும் இந்த இரண்டு பொருளையும் ஒருசேரத் தாங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இடத்துக்கு ஒரு சொல்லும் மக்களுக்கு வேறொரு சொல்லுமாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது; நமக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் 'ஊர்' பொருந்திவிடாது. எங்கெங்கே பொருந்தாது என்பதைத்தான் கீழே உள்ள பல விடைகள் பேசுகின்றன.

தமிழில் எப்படி எழுதுவது? பியூப்ளோ என்றும் பூப்லோ என்றும் பார்க்கிறேன்.

'புவெப்லோ' என்று எழுதுவதே ஸ்பானிய ஒலிப்புக்கு அருகில் வருகிறது. முதல் அசையில் 'பு' என்பதும் 'எ' என்பதும் இணைந்து ஒலிக்கின்றன. அழுத்தமும் அங்கேயே விழுகிறது. 'பியூ' என்ற ஒலி ஸ்பானியத்திலும் இல்லை, அமெரிக்கர்களின் வழக்கிலும் பொதுவாக இல்லை. பன்மை 'புவெப்லோஸ்', தமிழில் 'புவெப்லோக்கள்' என்று எழுதினால் போதும்.

அகராதியில் 'மக்கள்' என்றும் 'ஊர்' என்றும் இரண்டு பொருள் கொடுத்திருக்கிறார்கள். எது முதலில் வந்தது?

'மக்கள்' முதலில் வந்தது. மக்கள் திரளைக் குறிக்கும் 'பொபுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். இத்தாலியரின் 'பொப்போலோ', போர்த்துக்கேயரின் 'போவு', ஆங்கிலத்தின் 'பீப்பிள்' ஆகியவை எல்லாம் அதே வேரிலிருந்து பிறந்தவை. இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் மக்களோடு நின்றுவிட்டது. ஸ்பானியத்திலும் அதன் அண்டைமொழியான கத்தலானிலுமோ அது மக்கள் வாழும் இடத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அதாவது முதலில் ஆட்கள், பிறகுதான் மண்ணும் சுவரும்.

ஊர் என்பது ஒரே ஆளைப் போலப் பேசும் என்ற உணர்வுக்கு ஸ்பெயினில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. கோர்தோபா பகுதியிலுள்ள ஃபுவென்தே ஒபெஹூனா என்ற ஊரில், 1476இல், கொடுமை செய்துவந்த படைத்தலைவன் ஃபெர்னான் கோமெஸ் தெ குஸ்மானை ஊரார் திரண்டு கொன்றனர். விசாரிக்க வந்தவர்கள் சித்திரவதை செய்து 'கொன்றது யார்' என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் ஊரின் பெயரை மட்டுமே விடையாகச் சொன்னதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நம் சோழர்காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையார் தம்மை 'ஊரோம்' என்று தன்மைப் பன்மையில் குறித்துக்கொள்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விடைதான் நினைவுக்கு வரும்.

'கிராமம்' என்று எழுதிவிட்டால் என்ன தவறு?

பெரிய தவறில்லை, ஆனால் சொல் சுருங்கிவிடுகிறது. கிராமம் என்பது இன்று நமக்கு வருவாய்த் துறை, ஊராட்சி ஆகியவற்றோடு ஒட்டிய சொல். புவெப்லோ என்பது சில நூறு பேர் வாழும் இடமாகவும் இருக்கலாம், சில ஆயிரம் பேர் வாழும் சிறு நகரமாகவும் இருக்கலாம். அதைவிடச் சிறிய குக்கிராமத்துக்கு ஸ்பானியத்தில் 'அல்தேயா' என்ற தனிச்சொல் உண்டு. 'வில்யா', 'சியுதாத்' ஆகியவை பழங்காலத்தில் அரசர் வழங்கிய தகுதிப் பெயர்கள். ஆகவே அவற்றின் வேறுபாட்டை மக்கள்தொகையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஸ்பெயினின் தலைநகரமான மத்ரித் இன்றும் மரபுப்படி 'வில்யா' என்றே குறிக்கப்படுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மத்ரித்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஆகஸ்ட் மாத விடுமுறையில் 'புவெப்லோவுக்குப் போகிறேன்' என்று சொல்வார். அது அவருடைய தாத்தா பாட்டியின் இடமாக இருக்கும். அங்கே ஊர்த் திருவிழா நடக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பொங்கலுக்கு முன்தினம் சென்னையில் பேருந்துக்குக் காத்திருக்கிறவர் 'ஊருக்குப் போகிறேன்' என்று சொல்வதற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. இந்த இடத்தில் 'கிராமத்துக்குப் போகிறேன்' என்று மொழிபெயர்த்தால் அந்த உறவு அறுந்துபோகிறது.

அப்படியென்றால் 'புவெப்லோக்காரர்' என்று சொல்வது இழிவா, பெருமையா?

சொல்கிறவரைப் பொறுத்தது. 'என் புவெப்லோ' என்பதில் பெருமை இருக்கும். 'புவெப்லெரினோ' என்ற வடிவத்தில் பெரும்பாலும் ஏளனம் இருக்கும். நாம் 'பட்டிக்காட்டான்' என்று சொல்வதைப் போல.

ஸ்பெயினின் அரசமைப்புச் சட்டத்திலும் இந்தச் சொல் வருகிறதே, அங்கேயும் 'ஊர்' என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. 1978ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, நாட்டின் இறைமை ஸ்பானிய புவெப்லோவிடம் இருக்கிறது என்கிறது. அங்கே அது 'மக்கள்' தான். குடிமக்களின் முறையீடுகளை விசாரிக்கும் உயர் அதிகாரியின் பதவிப்பெயரும் 'மக்களின் காவலர்' என்ற பொருள் தருவதே. தமிழின் 'ஊர்' ஓர் எல்லைக்குள் வாழ்பவர்களைக் குறிக்குமே தவிர, ஒரு நாடு முழுவதையும் குறிக்கும் அளவுக்கு விரியாது. புவெப்லோ விரியும். இரண்டு சொற்களும் பிரியும் முதல் இடம் இது.

அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் ஊர் அமைத்ததைப் பற்றிப் படிக்கும்போது புவெப்லோ ஒரு சட்டச் சொல்லைப் போல வருகிறது. அது சரியா?

சரிதான். ஸ்பானியப் பேரரசில் குடியிருப்புகளுக்கு வகை உண்டு. சமயப் பணிக்கானது 'மிசியோன்', படைக்கானது 'பிரெசிதியோ', குடிமக்களுக்கானது 'புவெப்லோ'. இரண்டாம் பிலிப் மன்னர் 1573இல் வெளியிட்ட விதிகள், புதிய ஊருக்கு இடம் தேர்வதிலிருந்து நடுச்சதுக்கத்தின் நீள அகலம்வரை வரையறுத்தன. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் ஓடி, நடுவே சதுக்கமும் அதையொட்டித் தேவாலயமும் அமைந்த ஊர்களைப் பிலிப்பைன்சிலிருந்து பெரு வரை காண முடிவதற்கு இத்தகைய விதிகளே காரணம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 'இந்தியர்களின் புவெப்லோ', அதாவது அமெரிக்கப் பழங்குடியினரின் ஊர், என்று ஒரு தனி வகை இருந்தது. சிதறி வாழ்ந்த பழங்குடியினரை வலிந்து ஓரிடத்தில் திரட்டி, வரி வாங்கவும் மதம் மாற்றவும் வசதியாகக் குடியமர்த்தியவை அவற்றில் பல. 1570களில் பெருவில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ இதை மிகப் பெரிய அளவில் செய்தார். அந்த ஊர்களில் ஸ்பானியரும் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் குடியிருக்கக்கூடாது என்று சட்டம் தடுத்தது. காகிதத்தில் அது பழங்குடியினருக்கான பாதுகாப்பு; நடைமுறையில் யார் எங்கே வாழலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. 'ஊர்' வேறு, 'சேரி' வேறு என்று கோடு கிழித்து வாழ்ந்த சமூகத்தின் மொழியில் எழுதுகிற நாம், இந்தச் சொல்லை இனிமையான நாட்டுப்புறச் சொல்லாக மட்டும் அறிமுகப்படுத்துவது நேர்மையாகாது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரமும் ஒரு காலத்தில் புவெப்லோவாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கலிபோர்னியாவில் ஸ்பானியர் மூன்று புவெப்லோக்களை நிறுவினர்: 1777இல் சான் ஹோசே, 1781இல் லாஸ் ஏஞ்சலிஸ், 1797இல் பிரான்சிஃபோர்தே. லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் குடியேறியவர்கள் 11 குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, பழங்குடிக் கலப்பு வழியினர். 'தேவதைகளின் அரசியின் புவெப்லோ' என்பது அந்த ஊருக்கு இடப்பட்ட பெயர். அரசியும் புவெப்லோவும் வழக்கில் உதிர்ந்து, தேவதைகள் மட்டும் இன்றைய பெயரில் எஞ்சியிருக்கிறார்கள்.

பெயரிலிருந்து உதிர்ந்த அந்தச் சொல் நீதிமன்றத்தில் உயிரோடு இருந்தது. ஸ்பானியச் சட்டப்படி ஊரைக் கடந்து ஓடும் ஆற்றின் நீரில் புவெப்லோவுக்கு முன்னுரிமை உண்டு என்றும், தான் அந்தப் புவெப்லோவின் வாரிசு என்றும் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகராட்சி வாதிட்டது. சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரைப் பற்றிய வழக்கில் 1975இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை மீண்டும் உறுதி செய்தது. நியூ மெக்சிகோவின் உச்ச நீதிமன்றமோ, 1958இல் ஏற்றிருந்த அதே கொள்கையை 2004இல் கைவிட்டது. ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்பதை ஒட்டி ஆற்றுநீர் யாருக்கு என்று தீர்மானிக்கப்பட்டது என்பதை, சொற்பொருள் ஆய்வு வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

நியூ மெக்சிகோவில் 'புவெப்லோ இந்தியர்' என்கிறார்கள். அது பழங்குடி இனத்தின் பெயர் அல்லவா? ஊர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இன்று அது பெயர்தான். ஆனால் அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரன்று. 1540இல் பிரான்சிஸ்கோ வாஸ்கெஸ் தெ கொரொனாதோவின் படை வடக்கே வந்தபோது, இடம்பெயர்ந்து வேட்டையாடி வாழ்ந்தவர்களோடு கூடவே, மாடி வைத்துக் கட்டிய வீடுகளில் நிலைத்து வாழ்ந்து மக்காச்சோளம் பயிரிட்டவர்களையும் கண்டது. ஸ்பானியர் அந்தக் குடியிருப்புகளைத் தம் மொழியில் 'புவெப்லோ' என்றனர். பிறகு ஊரின் பெயரே ஊராரின் பெயராயிற்று. மூன்றாவது விடையில் சொன்னது நினைவிருக்கலாம்: மக்களிலிருந்து இடத்துக்குப் போன சொல், இங்கே இடத்திலிருந்து மறுபடியும் மக்களுக்குத் திரும்பியிருக்கிறது.

அவர்கள் எல்லோரும் ஒரே இனத்தவரா? ஒரே மொழி பேசுகிறார்களா?

இல்லை. நியூ மெக்சிகோவில் அமெரிக்கக் கூட்டரசு ஏற்பளித்த புவெப்லோக்கள் 19. ஒவ்வொன்றும் தனக்கென ஆட்சியும் நிலமும் கொண்டது. டெக்சாஸில் இஸ்லெத்தா தெல் சூர் என்ற புவெப்லோவும், அரிசோனாவில் ஹோபி மக்களும் இவர்களோடு பண்பாட்டால் இணைந்தவர்கள். மொழியோ பல குடும்பங்களாகப் பிரிகிறது. ஆக்கோமா, லகூனா முதலான ஊர்களில் கெரெஸ் மொழி, தாவோஸ், இஸ்லெத்தா முதலானவற்றில் திவா, சாந்தா கிளாரா முதலானவற்றில் தெவா, ஹேமெஸில் தொவா, இவற்றில் கடைசி மூன்றும் உறவுள்ளவை. சூனி மொழிக்கு உலகில் உறுதி செய்யப்பட்ட உறவுமொழியே இல்லை. ஆகவே 'புவெப்லோ மொழி' என்று எழுதுவது, 'இந்திய மொழி' என்று ஒருமையில் எழுதுவதைப் போன்ற பிழை.

நாங்கள் பார்த்தது ஒரு மண் கட்டடம். வழிகாட்டி அதையும் புவெப்லோ என்றார். கட்டடத்தையும் அப்படிச் சொல்வார்களா?

சொல்வார்கள், ஏனென்றால் அங்கே ஊரே ஒரு கட்டடமாக இருப்பதுண்டு. தாவோஸ் புவெப்லோவில் வீட்டின் மேல் வீடாக, பின்னோக்கிப் படிபோல ஏறும் அடுக்குகள் இருக்கின்றன. வைக்கோல் கலந்த மண்ணை அச்சில் இட்டு வெயிலில் காயவைத்த பச்சைக் கற்களால் சுவர் எழுப்பி, அதன்மேல் மண் பூசுகிறார்கள். பழங்காலத்தில் கீழ்த்தளத்துக்குக் கதவு கிடையாது. ஏணி வைத்து மேலே ஏறி, கூரையிலுள்ள திறப்பு வழியாக உள்ளே இறங்க வேண்டும். பகைவர் வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடலாம். 1992 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆக்கோமா சுமார் 110 மீட்டர் உயரமுள்ள தட்டைப் பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கிலுள்ள 'புவெப்லோ போனிதோ', அதாவது 'அழகிய ஊர்', இன்று இடிபாடு, கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 12ஆம் நூற்றாண்டுவரை கட்டப்பட்ட அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அது மண்கல் அன்று, அடுக்கிய கருங்கல்லும் அன்று. மணற்பாறைத் துண்டுகளால் ஆனது. மூன்றையும் 'மண் வீடுகள்' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

'அனசாசி' என்பதும் இவர்கள்தானா?

இவர்களுடைய முன்னோர். ஆனால் 'அனசாசி' என்பது அண்டைப் பழங்குடியினரான நவஹோக்களின் மொழிச் சொல்; அதில் 'பகைவரின் மூதாதையர்' என்ற பொருள் தொனிக்கிறது. புவெப்லோ மக்கள் அதை விரும்புவதில்லை. 'புவெப்லோ முன்னோர்' என்று எழுதுங்கள்.

1680ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை 'ஊர்க் கிளர்ச்சி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். பொருந்துமா?

பொருந்தாது, ஏதோ ஓர் ஊரில் நடந்த கலகம் போல ஒலிக்கிறது. ஒஹ்கே ஒவிங்கே ஊரைச் சேர்ந்த போப்பே என்ற சமயத் தலைவர் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகத் தாவோஸிலிருந்து திட்டமிட்டது அது. மொழியால் பிரிந்து, பல நாள் நடைத் தொலைவுகளில் சிதறிக் கிடந்த ஊர்கள் ஒரே நாளில் எழ வேண்டும். அதற்காக ஓட்டக்காரர்கள் வழியே முடிச்சிட்ட கயிறுகள் அனுப்பப்பட்டன. நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாள் எழுச்சி நாள். ஓட்டக்காரர் இருவர் பிடிபட்டதால் ஆகஸ்ட் 10ஆம் நாளே எழுச்சி தொடங்கியது. 21 பிரான்சிஸ்கன் துறவிகள் உட்பட ஏறத்தாழ 400 பேர் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஸ்பானியர் தெற்கே எல் பாசோவுக்கு ஓடினர். 1692இல் ஸ்பானிய ஆளுநர் தியேகோ தெ வர்காஸ் படையோடு வரும்வரை 12 ஆண்டுகள் அந்த நிலம் ஸ்பானியர் கையில் இல்லை.

ஆகவே 'புவெப்லோ மக்களின் கிளர்ச்சி' என்றே எழுத வேண்டும். ஸ்பானியர் பொதுப்படையாக இட்ட பெயருக்குள் அடைக்கப்பட்டவர்கள், அந்த ஆகஸ்ட் மாதத்தில் பெரும்பாலும் ஒரே மக்களாக நின்றார்கள். போப்பேயின் சிலை 2005 முதல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது.

அமெரிக்க நீதிமன்றம் 'புவெப்லோ மக்கள் இந்தியர் அல்லர்' என்று சொன்னதாகப் படித்தேன். புரியவில்லையே?

இதுதான் என்னிடம் வந்தவற்றுள் மிகக் கடினமான கேள்வி. 1848இல் குவாதலூபே இதால்கோ உடன்படிக்கையால் நியூ மெக்சிகோ, மெக்சிகோ நாட்டிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. பழங்குடி நிலத்தில் வெளியார் குடியேறுவதைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டம் இவர்களுக்கும் பொருந்துமா என்று வழக்கு வந்தபோது, 1876ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பொருந்தாது என்றது. இவர்கள் ஊரமைத்து, உழுது, அமைதியாக வாழ்கிறவர்கள்; சட்டம் மனத்தில் கொண்ட 'பழங்குடியினர்' இவர்கள் அல்லர் என்பது அதன் போக்கு. கேட்பதற்குப் புகழுரை போல இருக்கிறது. விளைவோ, பாதுகாப்பு நீங்கியதும் வெளியார் அவர்களுடைய நிலத்தில் வந்து அமர்ந்தார்கள்.

1913இல் சாந்தோவால் வழக்கில் அதே நீதிமன்றம் தடம் மாறி, இவர்களும் கூட்டரசின் பாதுகாப்புக்கு உரியவர்களே என்றது. ஆனால் அதற்குச் சொன்ன காரணங்கள் அவர்களை இழிவுபடுத்துபவை. இடைக்காலத்தில் குடியேறியவர்களுக்கே நிலத்தைக் கொடுத்துவிட முயன்ற மசோதாவை எதிர்த்து, 1922இல் சாந்தோ தொமிங்கோவில் எல்லாப் புவெப்லோக்களும் கூடின. மசோதா தோற்றது, 1924இல் புவெப்லோ நிலச் சட்டம் வந்தது. ஊரார் என்று பெயர் வைத்தபோது நிலம் போனது, பழங்குடியினர் என்று பெயர் வைத்தபோது மதிப்புப் போனது. இந்தப் பின்னணி தெரியாமல் அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

புவெப்லா, பொப்லாசியோன் ஆகியவையும் இதே சொல்லா? கொலராடோவில் ஒரு நகரத்துக்கும் இந்தப் பெயர் இருக்கிறதே?

உறவுச் சொற்கள். 'பொப்லார்' என்றால் குடியேற்றுதல்; அதிலிருந்து வந்தது 'புவெப்லா', குடியமர்த்திய இடம். மெக்சிகோவின் புவெப்லா நகரம் 1531இல் நிறுவப்பட்டது. 'பொப்லாசியோன்' என்பது ஸ்பெயினில் மக்கள்தொகையையோ குடியிருப்பையோ குறிக்கும். பிலிப்பைன்சில் நகராட்சியின் மையப்பகுதியைக் குறிக்கும். சிலியில் பெரும்பாலும் நகர்ப்புற ஏழை மக்களின் குடியிருப்பைக் குறிக்கும். பெருவில் 1968இல் ஆட்சியைப் பிடித்த இராணுவ அரசு, லிமாவைச் சுற்றிய குடிசைப் பகுதிகளுக்கு 'இளம் புவெப்லோக்கள்' என்று பெயர் மாற்றியது.

கொலராடோவின் புவெப்லோ நகரம் 1842இல் எழுந்த ஒரு வணிகக் கோட்டையின் பெயரைத் தாங்கியது. எஃகுத் தொழிலால் வளர்ந்தது. 1968இல் வட கொரியா பிடித்துவைத்த அமெரிக்க உளவுக் கப்பலின் பெயர் அந்த நகரத்திலிருந்து வந்தது. கப்பல் செய்தியில் யாரும் 'ஊர்' என்று மொழிபெயர்க்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்து இனப்பெயரா, ஊரா என்று கண்டுகொள்கிறோம். தமிழில் அது இல்லையே, வாசகருக்கு எப்படி உணர்த்துவது?

துணைச்சொல்லால் உணர்த்த வேண்டும். மக்களைச் சொல்லும்போது 'புவெப்லோ மக்கள்'. ஆட்சியுள்ள சமூகத்தைச் சொல்லும்போது 'தாவோஸ் புவெப்லோ', 'சூனி புவெப்லோ' என்று முன்னால் தனிப்பெயர். கட்டடத்தைச் சொல்லும்போது 'புவெப்லோக் குடியிருப்பு'. ஸ்பெயின், மெக்சிகோ ஆகியவற்றைப் பற்றிய எழுத்தில் வெறும் பொதுப்பெயராக வந்தால், சொல்லைக் கடன் வாங்காமல் 'ஊர்' என்றே எழுதிவிடுங்கள்.

எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுகிறோமோ, அது தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பானியர் 'சான் ஹுவான் புவெப்லோ' என்று அழைத்த ஊர், 2005இல் தன் பழைய தெவா பெயரான 'ஒஹ்கே ஒவிங்கே' என்பதற்கே முறைப்படி திரும்பிவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் 'புவெப்லோ' என்று ஒட்ட வேண்டியதில்லை. 'ஒவிங்கே' என்பதிலேயே ஊர் இருக்கிறது.